கப்பலேறியவர்களின் ஊர்

அமெரிக்காவில் குடியேறிய நார்வேயரின் வழித்தோன்றல்கள் பூர்வீக வட்டாரம்தோறும் சங்கம் அமைத்தனர். நார்வேயிலும் ஊர்கள் பல தத்தம் பண்ணை, குடும்ப வரலாறுகளை நூலாக்கின. இருகரையும் எழுதிவைத்தன.

நம் நிலை வேறு. சென்னையினின்று புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்த 'ட்ரூரோ' கப்பல் முதலாக, 1911 வரை 1,52,184 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் சென்றனர். திட்டக்குடி அடங்கிய அந்நாளைய தென்னார்க்காட்டினரும் அவர்களுள் உண்டு. கப்பல் பட்டியல்கள் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர் ஆகியவற்றைக் குறித்தன. மொரீஷியசு சென்றோரின் ஆவணங்களை நிழற்படங்களோடு அங்குள்ள மகாத்மா காந்தி நிறுவனம் காக்கிறது.

ஆங்கில எழுத்தர் சிதைத்தெழுதிய ஊர்ப்பெயரோடு கொள்ளுப்பேரர் வந்து நின்றால், விடைதர நம்மிடம் ஏடில்லை. வெள்ளாற்றங்கரை ஊர்களின் பழம்பெயர்களையும், முதியோர் நினைவில் எஞ்சிய 'கப்பலேறிப் போனவர்' செய்திகளையும் இப்போதேனும் தொகுப்போம். போனவர் பெயரை அக்கரை காத்தது. ஊரின் பெயரை நாமன்றோ காக்க வேண்டும்?