வெண்பன்றித் தீவனம்: புரதமும் ஆன்டிபயாடிக்கும்

பால்குடி மறந்த பன்றிக்குட்டியின் தீவனத்தில் 20 சதவீத அளவுக்குப் புரதம் வேண்டும். விற்பனை எடையை நெருங்கும்போது 14 முதல் 16 சதவீதம் போதும். ஜலகண்டாபுரம் முதல் நாமக்கல் வரை மலிவாகக் கிடைக்கும் மரவள்ளித் திப்பியில் மாவுச்சத்தும் நாரும்தான் மிகுதி. மக்காச்சோளத்திலும் கடலைப் புண்ணாக்கிலும் லைசின் குறைவு. அதனால் சோயாப் புண்ணாக்கோ மீன்தூளோ சேர்த்தே ஆகவேண்டும்.

தாவரப் புரதம் மட்டும் தின்ற கோழியும் பன்றியும் ஏன் சரியாக வளரவில்லை என்ற கேள்விக்கு 1948-ல் விடை கிடைத்தது. மீன்தூளிலும் இறைச்சியிலும் இருந்த அந்தச் சத்து வைட்டமின் பி12. அதை மலிவாகப் பெற வழி தேடிய அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும், ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் தயாரிப்பில் மிஞ்சிய கசடைக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள். பி12 தரக்கூடியதைவிடக் கூடுதலாகவே குஞ்சுகள் வளர்ந்தன. கசடில் தங்கியிருந்த மருந்துதான் காரணம். பன்றிக்குட்டிகளிடமும் அதே பலன் தெரிந்தது. ஆரியோமைசின் உருவானபோது அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மனித உயிர் காக்கப் பிறந்த அம்மருந்து, 1948 ஆகஸ்டில் அவர் மறைந்த பிறகு தீவன மூட்டைக்குள் போனது.

அமெரிக்க ஆய்வுகளின் தொகுப்புப்படி இளங்குட்டிகளின் எடையேற்றம் சராசரியாக 16 சதவீதம் கூடியது. வளர்ந்த பன்றிகளில் அது 4 சதவீதமே. அழுக்கான கொட்டகையில் பலன் அதிகம். கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த குஞ்சுகளிடம் பலனே இல்லை. ஆகவே இந்த மருந்து புரதத்துக்கு மாற்றல்ல. சுகாதாரக் குறையைத்தான் அது மூடி மறைத்தது.

அதற்குக் கொடுத்த விலை பெரிது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்று 1969-லேயே பிரிட்டனின் ஸ்வான் குழு எச்சரித்தது. 1986-ல் ஸ்வீடனும் 2006-ல் ஐரோப்பிய ஒன்றியமும் வளர்ச்சிக்காக மருந்து கலப்பதைத் தடைசெய்தன. வேறு மருந்துகள் கைவிட்ட பிறகு மனிதருக்குத் தரும் கொலிஸ்டினையே முறியடிக்கும் மரபணுவைச் சீனப் பன்றிகளில் கண்டதாக 2015-ல் செய்தி வந்தது. 2019 ஜூலையில் இந்தியா, உணவுக்கான கால்நடைகளுக்கும் அவற்றின் தீவனத்துக்கும் கொலிஸ்டினைத் தடைசெய்தது.

மருந்தை நிறுத்தியவர்கள் புரதத்தை மேலும் ஏற்றவில்லை, குறைத்தார்கள். செரிக்காத புரதம் பெருங்குடலில் புளித்து, கழிச்சல் உண்டாக்கும் கிருமிகளுக்கு இரையாகிறது. எனவே மொத்தப் புரதத்தை இரண்டு மூன்று சதவீதம் இறக்கி, லைசின் போன்ற அமினோ அமிலங்களைத் தனியே சேர்க்கிறார்கள். நம் பக்கத்துப் பண்ணையாளர்களும் இதையே பின்பற்றவேண்டும். தீவனத்தில் புரதம் எவ்வளவு என்பதை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் மாதிரி கொடுத்து அறிந்துகொள்ளலாம்.