லே-ஆஃப், டெர்மினேட், ரிலீஸ்: வேலை போகும்போது மெயிலில் இருக்கும் வார்த்தை ஏன் முக்கியம்?

பெங்களூருவில் ஐடி வேலை போனவரிடம் என்ன ஆச்சு என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "லே-ஆஃப் பண்ணிட்டாங்க." ஆனால் ஹெச்.ஆர். அனுப்பிய மெயிலைத் திறந்து பார்த்தால் அந்த வார்த்தையே இருக்காது. 'செப்பரேஷன்', 'ட்ரான்சிஷன்', 'ரிலீஸ்' என்று ஏதாவது இருக்கும். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாகச் சொன்னபோது பயன்படுத்திய சொல்லும் 'ரிலீஸ்'தான். படம் ரிலீஸ் ஆனால் பட்டாசு வெடிப்பார்கள். இது வேற ரிலீஸ்.

எப்படிச் சொன்னால் என்ன, வேலை போச்சு, அவ்வளவுதானே? அவ்வளவு இல்லை. எந்த வினைச்சொல் என்பதைப் பொறுத்து கைக்கு வரும் பணம் மாறும்.

லே-ஆஃப் என்றால் உண்மையில் என்ன?

இந்தியச் சட்டத்தில் லே-ஆஃப் என்றால் வேலை போனதாக அர்த்தமே இல்லை. நிலக்கரி இல்லை, கரண்ட் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது, மெஷின் பழுது போன்ற காரணங்களால் முதலாளியால் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியாத நிலைதான் லே-ஆஃப். பெயர் பதிவேட்டிலேயே இருக்கும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்கும். வேலை மறுபடி தொடங்கினால் திரும்பப் போகலாம்.

1947-ன் தொழில் தகராறு சட்டத்தில் இந்த இழப்பீடு 1953-ல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டது. அப்போது துணி ஆலைகளில் சரக்கு தேங்கி, ஷிஃப்டுகள் நிற்கும் நிலை வந்திருந்தது. ஒக்கலிபுரத்துக்குப் பக்கத்தில் பின்னி மில் ஓடிய காலத்துச் சட்டச் சொல் இது. மில் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிகளும் மாலும் நிற்கின்றன. சொல் மட்டும் ஐடி பார்க்குக்குக் குடிபோய், 'திரும்பி வராதே' என்ற அமெரிக்க அர்த்தத்தை எடுத்துக்கொண்டது. லே-ஆஃப் இழப்பீட்டு விதியோ இன்றும் ஆலை, சுரங்கம், தோட்டத்துக்குத்தான். ஐடி ஆபீசுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் ஐடி ஊழியருக்கு நடப்பது எது?

சட்டம் அதற்கு வைத்திருக்கும் பெயர் ரிட்ரெஞ்ச்மென்ட், தமிழில் ஆட்குறைப்பு. ஒழுங்கு நடவடிக்கையாகத் தரும் தண்டனை அல்லாமல், எந்தக் காரணத்துக்காகவும் முதலாளி வேலையை முடித்துவைப்பது. விருப்ப ஓய்வு, வயது ஓய்வு, காலம் முடிந்த ஒப்பந்தம் இதில் சேராது.

"முடித்துவைப்பது" என்ற அந்த வினைதான் 1976-ல் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஸ்டேட் பாங்க் - சுந்தர மணி வழக்கு. விட்டுவிட்டு வேலை பார்த்து 240 நாட்களைத் தாண்டிய ஒரு தற்காலிக ஊழியருக்குக் கடைசியாகக் கொடுத்த உத்தரவு வெறும் 9 நாட்களுக்கானது. நாங்கள் நீக்கவில்லை, அதுவாக முடிந்தது என்பது வங்கியின் வாதம். நீதிபதி வி.ஆர்.கிருஷ்ண ஐயர் அந்த ஆங்கில வினையைப் பிரித்துப் பார்த்து, தானாக முடிவதும் ஒருவர் முடிப்பதும் இரண்டுமே அதில் அடங்கும் என்றார். பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான்: வேலை நீங்கியது, வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒப்பந்தக் காலம் முடிவதை 1984-ல் திருத்தம் கொண்டுவந்து விலக்கிவிட்டார்கள். ஆனாலும் நீதிமன்றங்கள் 'எந்தக் காரணத்துக்காகவும்' என்பதை விரிவாகவே படித்து வந்திருக்கின்றன.

சரி, பணத்தில் எவ்வளவு வித்தியாசம்?

2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், மறுதிறன் நிதியிலிருந்து இன்னொரு 15 நாள் சம்பளம். சட்டம் கணக்கில் எடுக்கும் சம்பளம் மாதம் 60,000 ரூபாய், சர்வீஸ் 6 வருடம் என்று வைத்துக்கொள்வோம். இழப்பீடு 1,80,000, நோட்டீஸ் 60,000, மறுதிறன் 30,000. மொத்தம் 2,70,000 ரூபாய்.

அதே ஊழியர் போர்ட்டலில் 'ரிசைன்' பட்டனை அழுத்தினால்? இந்தப் பட்டியலில் எதையும் சட்டப்படி கேட்க முடியாது. கிராஜுவிட்டி வரும், ஆனால் அது ராஜினாமா செய்தாலும் வருவதுதான்.

"நீங்களே பேப்பர் போட்டுட்டா எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் க்ளீனா இருக்கும்" என்று மீட்டிங் ரூமில் சொல்வதன் விலை இதுதான். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா செல்லாது. ஆனால் கட்டாயம் என்று நிரூபிக்கும் பாரம் ஊழியர் தலையில்தான் விழும். அதனால்தான் போனில் சொன்னதை மெயிலில் எழுதித் தரச் சொல்லிக் கேட்பது அவசியம்.

எண்களைப் பார்ப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். ஐடி நிறுவனங்கள் காலாண்டுதோறும் 'வாலண்டரி அட்ரிஷன்', அதாவது தானாக விலகியோர் சதவீதம் வெளியிடும். கையெழுத்து வாங்கப்பட்ட ராஜினாமாவும் அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தால், போனவர் யார், போகச் சொல்லப்பட்டவர் யார் என்று வெளியிலிருந்து பிரிக்கவே முடியாது.

எல்லோருக்கும் இது பொருந்துமா?

இல்லை. மேலாண்மை, நிர்வாகப் பணியில் இருப்பவர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் 'தொழிலாளி' வரையறையில் வரமாட்டார்கள். ஆனால் கார்டில் 'மேனேஜர்' என்று அச்சடித்திருப்பதை நீதிமன்றம் அப்படியே ஏற்காது; அன்றாடம் செய்யும் வேலை என்ன என்றுதான் பார்க்கும். 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அரசின் முன் அனுமதி வேண்டும் என்பதை நம்பி ஐடி ஊழியர்கள் இருக்க வேண்டாம். அதுவும் ஆலை, சுரங்கம், தோட்டத்துக்கு மட்டுமே.

ஃபயர், சாக் எல்லாம்?

சட்டத்துக்கு வெளியே உள்ள பேச்சு வழக்கு. 'சாக்' என்பது கைவினைஞர் தன் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதிலிருந்து வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். நம்மிடமும் குறைவில்லை: சீட்டு கிழிஞ்சிடுச்சு, கல்தா கொடுத்துட்டாங்க, தூக்கிட்டாங்க. இவற்றில் 'தூக்கிட்டாங்க' எனக்குப் பிடித்தது, செய்தவர் யார் என்பதை மறைக்காமல் சொல்கிறது. 2004 வாக்கில் அமெரிக்கர்கள் இந்த ஊரையே வினைச்சொல் ஆக்கினார்கள். 'பெங்களூர்ட்' என்றால், வேலை பெங்களூருக்குப் போனதால் வேலை இழந்தவர். பெங்களூரிலேயே வேலை இழப்பவருக்கு அப்படி ஒரு தனிச்சொல் இன்னும் வரவில்லை.

கடைசியாக ஒரு தகவல்: ராஜினாமாவோ ஆட்குறைப்போ, ஊதியத் தொகுப்புப்படி பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் தந்தாக வேண்டும்.