அரண்மனைச் சமையலறையில் பிறந்த சாஸ்திரம்

ஜெர்மனியின் தென்பகுதியில், நெக்கார் நதிக்கு மேலே எழுந்து நிற்கும் ஒரு குன்றின்மீது, டியூபிங்கன் நகரத்துப் பழைய அரண்மனை இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது சர்வகலாசாலையின் வசம் வந்தபோது, ஒரு காலத்தில் பிரபுக்களின் துணிகளை வெளுத்த அறையும் அவர்களுக்கு விருந்து சமைத்த அறையும் ரசாயன ஆராய்ச்சிக்கு ஒதுக்கப்பட்டன. அங்கே தலைமை வகித்த பேராசிரியர் பெலிக்ஸ் ஹோப்பே-ஸைலர், ரத்தத்துக்குச் செந்நிறம் தரும் பொருளை ஆராய்ந்து, 1864-ல் அதற்கு ஹீமோகுளோபின் என்று பெயரிட்டவர். இன்று புற்றுநோய் ஆராய்ச்சியின் முன்னணியில் நிற்கும் உயிரணுவின் உட்கருப் பொருளாகிய குரோமாட்டினைப் பற்றிய சாஸ்திரத்தின் பூர்வ சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறவர், 1868-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் அந்தப் பேராசிரியரை நாடி வந்த ஓர் இளைஞரிடமிருந்துதான் தொடங்கவேண்டும்.

பிரெடெரிக் மீஷர் என்னும் அவ்விளைஞருக்கு அப்போது வயது 24. ஸ்விட்ஸர்லாந்திலுள்ள பாஸல் நகரத்தில், வைத்தியமும் கல்வியும் தழைத்த குடும்பத்தில் பிறந்தவர். தாய்மாமன் வில்ஹெல்ம் ஹிஸ் புகழ்பெற்ற உடற்கூற்று நிபுணர். மீஷர் வைத்தியப் பட்டம் பெற்றுவிட்டார். ஆயினும் அவருக்குச் செவிப்புலன் குறைவு. நோயாளியின் நெஞ்சில் எழும் நுண்ணொலிகளைக் கேட்டு நோயை நிதானிக்கவேண்டிய தொழிலில் அது பெருந்தடை. உடலின் வளர்ச்சியைப் பற்றிய ஆழ்ந்த கேள்விகளுக்கு ரசாயனத்தின் வழியாகவே இறுதி விடை கிடைக்கும் என்பது மாமனின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் அந்தக் குறையும் சேர்ந்து அவரை டியூபிங்கனுக்கு அனுப்பிவைத்தன.

உயிரணு எதனால் ஆனது என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. நிணநீர்க் கணுக்களிலிருந்து அணுக்களைத் திரட்ட முயன்றார். போதிய அளவு கிடைக்கவில்லை. அருகிலிருந்த அறுவை சிகிச்சை மருத்துவமனையில், புண்களிலிருந்து அவிழ்த்தெறிந்த கட்டுத்துணிகளில் சீழ் நிறைய இருந்தது. சீழ் முழுவதும் வெள்ளணுக்கள். பிறர் அருவருத்து ஒதுக்கும் அத்துணிகளை அவர் சேகரித்து, சோடியம் சல்பேட் கரைசலில் அலசி அணுக்களைப் பிரித்தார். பன்றியின் இரைப்பையிலிருந்து எடுத்த பெப்சினாலும் அமிலத்தாலும் புரதங்களைக் கரைத்து நீக்கி, எஞ்சிய உட்கருவிலிருந்து, காரத்தில் கரைந்து அமிலத்தில் படியும் ஒரு வெண்மையான பொருளை 1869-ல் பெற்றார். அதில் கந்தகம் இல்லை. பாஸ்பரஸ் மிகுதியாக இருந்தது. அறிந்த புரதம் எதனோடும் சேராத அதற்கு நியூக்ளீன் என்று பெயரிட்டார். நாம் இன்று டி.என்.ஏ. என்று வழங்குவது அதுவே.

இந்தச் செய்தியைக் கேட்டவுடன் பிரசுரிக்க ஹோப்பே-ஸைலர் இசையவில்லை. மாணவர் செய்த பரிசோதனைகளைத் தம் கையாலேயே மறுபடி செய்து பார்த்து, ஐயம் தீர்ந்த பின்னரே 1871-ல் தம் பத்திரிகையில் வெளியிட்டார். இளைஞருக்கு அந்தத் தாமதம் வேதனை தந்திருக்கலாம். ஆனால் அந்தக் கண்டிப்பினால்தான் கண்டுபிடிப்புக்கு அஸ்திவாரம் உறுதிப்பட்டது. பாஸலுக்குத் திரும்பிப் பேராசிரியரான மீஷர், ரைன் நதியில் ஏறிவரும் ஸால்மன் மீன்களின் விந்தணுக்களிலிருந்து நியூக்ளீனை எடுத்து, அதனோடு பிணைந்திருந்த புரோட்டமீன் என்னும் காரத்தன்மையுள்ள பொருளையும் 1874-ல் வெளியிட்டார். பொருள் கெட்டுப்போகாதிருக்கக் குளிர்காலத்தில், கணப்பில்லாத அறைகளில் உழைத்த அவர், க்ஷயரோகத்தால் 1895-ல், 51-ஆம் வயதில் காலமானார்.

அவர் விட்ட இழையைப் பிறர் பற்றினர். ஸ்ட்ராஸ்பர்க் நகரத்துக்குப் பெயர்ந்த ஹோப்பே-ஸைலரிடம் பயின்ற ஆல்பிரெக்ட் கோஸல், பறவையின் ரத்த அணுக்களிலிருந்து 1884-ல் ஹிஸ்டோன் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1910-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கீல் நகரத்தில் வால்தர் பிளெமிங், சாலமாண்டர் இளம்பிராணிகளின் அணுக்களுக்குச் சாயமேற்றி, உட்கருவில் சாயத்தை ஆவலோடு வாங்கிக்கொள்ளும் பொருளைக் குரோமாட்டின் என்று அழைத்து, அணு பிரியும்போது அது இழைகளாகத் திரண்டு பாகமாகும் முறையை 1882-ல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். டி.என்.ஏ.யும் ஹிஸ்டோன்களும் சேர்ந்து அமைந்ததே அந்தக் குரோமாட்டின் என்பது பின்னர் தெளிவாயிற்று.

புற்றுநோயின் மூலத்தை இந்தப் பொருளில் தேடவேண்டும் என்ற எண்ணமும் பழமையானதே. 1890-ல் டேவிட் ஃபான் ஹான்ஸெமன், புற்றுக்கட்டிகளில் அணுக்கள் சமமின்றிப் பிரிவதைக் கண்டு எழுதினார். வியூர்ட்ஸ்பர்க் பேராசிரியரான தியோடோர் போவேரி, கடல்முள்ளெலி முட்டைகளில் இரண்டு விந்தணுக்கள் புகுந்தால் குரோமாட்டின் இழைகளாகிய குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்டு வளர்ச்சி குலைவதை ஆராய்ந்தவர். அதிலிருந்து, குரோமோசோம்களின் ஒழுங்கு கெட்ட ஒரே அணுவிலிருந்து புற்று உண்டாகிறது என்ற அநுமானத்தை 1914-ல் நூலாக எழுதி, மறு ஆண்டே மறைந்தார்.

அதன்பின் ஹிஸ்டோன்களுக்கு நீண்ட அஞ்ஞாதவாசம் நேர்ந்தது. பரம்பரைக் குணங்களைத் தாங்குவது டி.என்.ஏ. என்று நிச்சயமானதும், கவனம் முழுவதும் அங்கே சென்றது. ஹிஸ்டோன்கள் வெறும் பொதிதுணியாகக் கருதப்பட்டன. 1950-ல் எடின்பரோவில் ஸ்டெட்மன் தம்பதியர், அவை ஜீன்களை அடக்கிவைக்கக்கூடும் என்று எழுதினர். 1964-ல் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஸ்தாபனத்தில் வின்ஸென்ட் ஆல்பிரீயும் அவர் சகாக்களும், ஹிஸ்டோனில் அஸெட்டைல் தொகுதி சேருமானால் ஜீன்களைப் படித்தெடுக்கும் வேலைக்கு அது விட்டுக்கொடுக்கிறது என்று காட்டினர். 1974-ல், கேம்பிரிட்ஜில் 27 வயது நிறைந்திருந்த ரோஜர் கோர்ன்பெர்க், நான்கு வகை ஹிஸ்டோன்கள் வகைக்கு இரண்டாக எட்டும், ஏறக்குறைய 200 காரஜோடி நீளமுள்ள டி.என்.ஏ.யும் சேர்ந்த ஓர் அலகு குரோமாட்டின் நெடுகத் திரும்பத் திரும்ப வருகிறது என்று முன்மொழிந்தார். நூற்கண்டில் நூல்போல அந்த எட்டின்மேல் டி.என்.ஏ. சுற்றியிருப்பதை, 1997-ல் ஸூரிச்சில் கரோலின் லூகர், டிமதி ரிச்மண்ட் முதலியோர் எக்ஸ்-கதிர் ஆய்வினால் நுணுக்கமாகக் காட்டினர். ஓர் அணுவுக்குள் சுமார் 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. அடங்கியிருப்பதன் முதற்படி இதுவே.

1996-ல் டேவிட் ஆலிஸின் குழு, ஒற்றை அணுப் பிராணியான டெட்ராஹைமினாவிலிருந்து, அஸெட்டைல் தொகுதியைச் சேர்க்கும் நொதியை இனங்கண்டது. அதே ஆண்டில் ஸ்டூவர்ட் ஷ்ரைபரின் குழு, அத்தொகுதியை நீக்கும் நொதியைக் கண்டது. இதற்கு முன்பே, 1971-ல், டி.எம்.எஸ்.ஓ. என்னும் திரவத்தைச் சேர்த்ததும் எலியின் ரத்தப் புற்றணுக்கள் முதிர்ந்து ஹீமோகுளோபினை உண்டாக்கத் தொடங்கியதை ஷார்லட் ஃபிரெண்ட் அறிவித்திருந்தார். அதைவிட வலிய பொருளைத் தேடிப் பால் மார்க்ஸும் ரொனால்ட் பிரெஸ்லோவும் பல ஆண்டுகள் உழைத்ததன் பலனாகிய வோரினோஸ்டாட் என்னும் மருந்து, ஷ்ரைபர் கண்ட அந்த நொதி இனத்தைத் தடுக்கிறது என்று பின்னர் தெரியவந்தது. தோலைப் பற்றும் ஒருவகை லிம்போமாவுக்கு அமெரிக்க அரசு 2006-ல் அதை அநுமதித்தது. குரோமாட்டினைத் திருத்தியமைக்கும் ஒரு புரதத்தின் ஜீன் சிதைவதே சிசுக்களின் கொடிய ராப்டாய்டு கட்டிகளுக்கு மூலம் என்று 1998-லும், குழந்தைகளின் சிலவகை மூளைப் புற்றுக்களில் ஹிஸ்டோனிலேயே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது என்று 2012-லும் தெரிந்தது. பொதிதுணி என்று தள்ளப்பட்டது, நோயின் இருப்பிடங்களுள் ஒன்றாகவும் சிகிச்சையின் வாயிலாகவும் விளங்கிற்று.

நியூக்ளீன் கண்டெடுக்கப்பட்டதிலிருந்து வோரினோஸ்டாட் மருந்து வரும்வரை கழிந்தவை 137 ஆண்டுகள். இந்த ஆராய்ச்சியால் எந்த வியாதி தீரும் என்று 1869-ல் கேட்டிருந்தால் மீஷரால் விடை சொல்லியிருக்க முடியாது. கேள்வி அணுவின் ரசாயனத்தைப் பற்றியது, வியாதியைப் பற்றியது அல்ல. கடல்முள்ளெலி முட்டையை நோக்கிய போவேரியும், ஹிஸ்டோன்களை எண்ணிய கோர்ன்பெர்க்கும், ஒற்றையணுப் பிராணியை வளர்த்த ஆலிஸும் அப்படியே இயற்கையை அறியும் சிரத்தையால் உழைத்தவர்கள். சிகிச்சை அந்தச் சிரத்தையின் தொலைதூரப் பலன். இன்று குரோமாட்டினை ஆராயப் புகும் ஓர் இளைஞருக்கோ யுவதிக்கோ நாம் கொடுக்கக் கடமைப்பட்டவை மூன்று: உழைக்க ஓர் இடம், அது ஒதுக்கப்பட்ட சமையலறையானாலும் சரி, தம் கையால் சோதித்துப் பார்த்த பின்னரே ஒப்புக்கொள்ளும் ஆசிரியர் ஒருவர், பலன் எங்கே என்று ஆண்டுதோறும் நச்சரிக்காத அவகாசம். இம்மூன்றையும் மறுத்துவிட்டுப் புற்றுநோய்க்கு மருந்தை மட்டும் எதிர்பார்க்கும் சமுதாயம், விதைக்காமல் அறுவடை கேட்கிறது.