பக்கத்தில் வரும் வள்ளம்: எங்கட பிள்ளைகளின் விளையாட்டுக்கு ஒரு சின்ன வரலாறு

தைப்பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் உடுப்பிட்டியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பாடசாலை மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு விழத் தொடங்கிவிடும். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம். ஒலிபெருக்கி, இல்ல அலங்காரம், அணிநடை, வினோத உடை, கடைசியில் பழைய மாணவர் ஓட்டம் என்று ஊரே வந்து நிற்கும். வெளிநாட்டில் இருக்கிறவை வீடியோவில பார்த்து "எங்கட இல்லம் எத்தினையாவது?" என்று கேட்பினம். நாங்களும் அந்தக் கோடுகளுக்குள் ஓடி வளர்ந்தவர்கள்தான், அந்தக் கொண்டாட்டத்தில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அடுத்த போட்டிக் காலம் வருவதற்கு முதல் ஒன்றைக் கதைக்க வேண்டியிருக்கிறது. இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது? இதில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எந்த இடத்தில் தவறிப் போனது?

"இல்லம்" என்ற சொல்லிலேயே பாதிக் கதை இருக்கிறது. இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் மாணவர்கள் உண்மையிலேயே தனித்தனி வீடுகளில் தங்கிப் படித்தார்கள். ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் போட்டி வைத்தார்கள். மைதானத்தில் உடம்பை இறுக்கி, தோல்வியைத் தாங்கி, கட்டளைக்குப் பணிந்து பழகியவன் பிறகு பேரரசின் உத்தியோகத்துக்கு உதவுவான் என்பது 19ஆம் நூற்றாண்டின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை மிஷன் பாடசாலைகளோடு எங்கட கரைக்கும் வந்தது. அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816இல். உடுப்பிட்டி அமெரிக்கன் மிஷன் கல்லூரியின் பெயரில் அவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பருத்தித்துறையில் வெஸ்லியன் மிஷன் 1838இல் தொடங்கிய பாடசாலைதான் பிறகு ஹாட்லிக் கல்லூரி ஆனது. யாழ் நகரில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸும் 1904இல் முதல் தடவை துடுப்பாட்டம் ஆடின. இன்றைக்கு "வடக்கின் பெரும் போர்" என்கிறோமே, அதுதான்.

பெயரைப் பாருங்கள், போர். பதின்ம வயதுப் பிள்ளைகள் பந்தடிக்கிறதுக்கு நாங்கள் வைத்த பெயர்! இன்னொன்று: எங்கட பாடசாலைகளில் பெரும்பாலான பிள்ளைகள் பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வீடு இல்லாத இல்லங்கள் இவை. இரவல் வாங்கும்போது நிறத்தையும் கொடியையும் கோப்பையையும் கொண்டுவந்தோம். விழுந்த பொடியனைத் தூக்கிவைத்து மருந்து போட்ட விடுதித் தாயை அங்கேயே விட்டுவிட்டோம்.

அதற்கு முதல் பிள்ளைகள் விளையாடாமலா இருந்தார்கள்? கிளித்தட்டு, கிட்டிப்புள்ளு, சடுகுடு, எட்டுக்கோடு, கொக்கான் என்று பட்டியல் நீளும். கிளித்தட்டை மட்டும் எடுப்போம். மண்ணில் காலால் கோடு கீறினால் மைதானம் தயார். ஒரு பக்கத்தார் குறுக்குக் கோடுகளில் மறித்து நிற்க, நடுக்கோட்டில் "கிளி" ஓடித் திரிய, மற்றப் பக்கத்தார் பெட்டி பெட்டியாகத் தப்பி அந்தம் போய்த் திரும்பி வர வேண்டும். அதில் வேகம் மட்டும் போதாது, சுழிப்பும் வேண்டும். ஓட ஏலாதவன்கூட ஏமாற்றித் தப்பலாம். தம்பி தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அதையும் சேர்ப்பார்கள். அது பிடிபட்டாலும் கணக்கில்லை. வளர வளரத்தான் கணக்கில் வரும். இப்போது விளையாட்டு விஞ்ஞானக்காரர் "வயதுக்கேற்ற படிமுறை" என்று சொல்லுகிற விசயத்தை அந்த ஒழுங்கைப் பொடியள் யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்தார்கள்.

பழையதெல்லாம் பொன் என்று சொல்ல வரேல்லை. அந்த ஒழுங்கையில் எல்லாச் சாதிப் பிள்ளையும் ஒன்றாகக் கோட்டில் நிற்கவில்லை. பெரியபிள்ளை ஆன பெட்டையளுக்கு அடுத்த நாளே கோடு அழிந்துபோனது. அந்த இரண்டு பூட்டையும் ஓரளவுக்காவது திறந்தது பாடசாலை மைதானம்தான். அதனால்தான் அந்த மைதானத்தைப் பற்றி இவ்வளவு கதைக்கிறோம்.

அந்த மைதானங்களில் இருந்து வந்த மிகப் பெரிய பெயர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். பெரியவிளானைச் சேர்ந்தவர், யாழ். மத்திய கல்லூரியில் படித்தவர், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கிலும் உயரம் பாய்ந்தவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து தங்கம் எடுத்தார். ஆசிய விளையாட்டுகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. 2024 ஏப்ரலில்தான் காலமானார்.

அவருடைய படங்களைப் பார்க்கும்போது பலருக்கு ஒரு சந்தேகம் வரும்: ஏன் இப்போதைய வீரர் மாதிரி முதுகைத் திருப்பிப் பாயவில்லை? விடை திறமையில் இல்லை, விழுகிற இடத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கோலுக்கு அப்பால் பெரும்பாலும் மணல் அல்லது மரத்தூள்தான். காலாலோ கையாலோ பக்கவாட்டிலோ இறங்க வேண்டும். முதுகால், கழுத்தால் விழுந்தால் முறிந்துவிடும். பிறகு தடித்த மெத்தைகள் வந்தன. 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அமெரிக்கரான டிக் ஃபொஸ்பரி முதுகுப்பக்கமாகப் பாய்ந்து 2.24 மீற்றரில் தங்கம் எடுத்தார். அதற்குப் பிறகு உலகமே அவருடைய வழிக்கு மாறியது. முதலில் மெத்தை வந்தது, பிறகுதான் உயரம் வந்தது.

"பாதுகாப்பு, பாதுகாப்பு எண்டு பொத்திப் பொத்தி வளர்த்தால் பிள்ளை எப்பிடி வீரன் ஆகும்?" என்று மைதான ஓரத்தில் நின்று கேட்கிற ஐயாமாருக்கு எங்களிடம் உள்ள பதில் இந்த மெத்தைதான். கவலை என்னவென்றால், பாய்ச்சலை யூடியூப்பில் பார்த்துப் பழகுகிற பிள்ளைக்கு 1968க்குப் பிந்திய முறையும், இறங்குவதற்கு 1958இன் மணலும் கிடைக்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. மெத்தை இல்லாத மைதானத்தில் முதுகுப் பாய்ச்சல் இல்லை என்று சொல்ல ஒரு ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். அப்படிச் சொல்பவரைக் கோழை என்று நினைக்காத பெற்றோரும் வேண்டும்.

இதே பாடம் கடலிலும் உண்டு. உடுப்பிட்டியில் இருந்து சைக்கிளை மிதித்தால் கொஞ்ச நேரத்தில் வல்வெட்டித்துறைக் கடல், மேற்கே திரும்பினால் தொண்டைமானாறு. தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதைப் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்தி முடித்தார். கடலோரப் பிள்ளைகள் எங்களுக்கு இவை தாலாட்டு மாதிரி. ஆனால் கதை சொல்லும்போது நாங்கள் விட்டுவிடுகிற ஒரு பாத்திரம் இருக்கிறது, பக்கத்தில் வரும் வள்ளம். நீரிணையை நீந்துபவர் தனிய நீந்துவதில்லை. வழி காட்டவும், குடிக்கக் கொடுக்கவும், "போதும், ஏறு" என்று சொல்லவும் வள்ளத்தில் ஆள் இருக்கும். அப்படி இருந்தும் கடல் கடல்தான். ஆனந்தன் 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரிழந்தார். வள்ளம் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. ஆனால் வள்ளம் இல்லாமல் இறங்கு என்று எங்கட கடற்காரர் ஒருவரும் சொல்லமாட்டார்.

2024 மார்ச் மாதத்தை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மாதத் தொடக்கத்தில் திருகோணமலையைச் சேர்ந்த 13 வயது மாணவர் ஒருவர் தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்கு நீந்தி வந்தார். கொஞ்ச நாள் கழித்து, மார்ச் 11இல், அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவர் ஒருவர் இறந்தார். கடும் வெப்பம் காரணமாக வெளிக்கள விளையாட்டுகளில் கவனம் தேவை என்று பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல்கள் போயிருந்த காலம் அது. மரணத்தின் மருத்துவக் காரணம் வைத்தியர் சொல்ல வேண்டியது, நாங்கள் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் இரண்டு செய்தியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மனது ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. கடலை எல்லோரும் ஆபத்து என்று நினைத்தபடியால் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் படகு வந்தது. தெருவை ஆபத்து என்று யாரும் நினைப்பதில்லை.

வெப்பத்தில் ஓடுகிற பிள்ளையைப் பற்றி மருத்துவம் சொல்வது அப்படி ஒன்றும் பெரிய இரகசியம் இல்லை. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று, இரண்டு கிழமை எடுக்கும், ஆகவே போட்டிக்கு மூன்று நாள் முதல் பயிற்சி தொடங்குவது பயிற்சியே இல்லை. காய்ச்சலில் இருந்து எழும்பின பிள்ளை ஓடக் கூடாது. ஓடும்போது மயங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ "விடியச் சாப்பிடேல்லைப் போல" என்று சோடா குடுத்து அனுப்பாமல், வைத்தியரிடம் காட்டும்வரை நிறுத்த வேண்டும். சில இருதயக் குறைபாடுகள் அந்த ஒரு மயக்கத்தில்தான் முதன்முதலில் தலைகாட்டும். ஓடிக்கொண்டிருந்த பிள்ளை தடுமாறி, கதை குழம்பி, உடம்பு நெருப்பாய்க் கொதித்தால் அது வெப்பத்தாக்கம். அம்புலன்சுக்கு அறிவித்துவிட்டு, அது வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்காமல் அந்த இடத்திலேயே குளிர்நீரில் உடம்பை நனைத்துக் குளிர்த்த வேண்டும். முதல் அரை மணித்தியாலம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, ஐஸ், ஒரு துவாய். இல்ல அலங்காரத்துக்குச் செலவழிக்கிற காசில் ஒரு துளி.

இதையெல்லாம் எழுதும்போது யுத்தத்தைத் தாண்டிப் போக முடியாது. 1987 மே மாதம் வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை நடந்தது. அதற்குப் பிறகு இந்திய இராணுவம், பிறகு மறுபடி போர். பாடசாலைகள் அகதி முகாம் ஆயின, மைதானங்கள் பலதடவை ஆமியின் கையில் போயின. பிள்ளைகளுக்கு விளையாடும் உரிமை உண்டு என்று 31ஆம் உறுப்புரையில் சொல்லும் சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஐ.நா. 1989இல் ஏற்றது, இலங்கை 1991இல் உறுதிப்படுத்தியது. கொழும்பு கையெழுத்து வைத்த அந்த நாட்களில் எங்கட அம்மா, அப்பாமார் குண்டுவீச்சுக்குப் பங்கருக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு படித்த சிலர் பதினெட்டு ஆகமுதலே இயக்கத்துக்குப் போனார்கள், கொண்டுபோகப்பட்டார்கள். ஓட்டம் அந்தத் தலைமுறைக்கு விளையாட்டாக இருக்கவில்லை. மைதான ஓரத்தில் நின்று "ஓடடா, ஓடடா" என்று தொண்டை கிழியக் கத்துகிற தகப்பனைப் பார்த்து நாங்கள் சிரிப்பதுண்டு. அவருக்குக் கிடைக்காத ஓட்டத்தைத்தான் அவர் கேட்கிறார் என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கும்.

விளங்கினாலும், அந்தக் கடனைப் பிள்ளையின் காலில் கட்டக் கூடாது. மூன்றாவதாக வந்த பிள்ளையைக் கூட்டத்துக்கு முன்னால் ஏசுவதும், தோற்ற அணியை வெயிலில் நிறுத்துவதும் பயிற்சி இல்லை. பாடசாலையில் உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. மைதானமும் பாடசாலைக்குள்தான் இருக்கிறது. அதேபோல, தனிப் பயிற்சி என்ற பெயரில் வளர்ந்த ஒருவரோடு பிள்ளை பூட்டிய அறையில் தனித்து இருக்கக் கூடாது என்பது சந்தேகப் புத்தி இல்லை. அமெரிக்க உடற்பயிற்சி விளையாட்டு அணியின் வைத்தியர் லாரி நாசர் பல வருடமாகச் சிறுமிகளைத் துன்புறுத்தி, 2018இல்தான் தண்டனை பெற்றார். அந்தப் பிள்ளைகளில் சிலர் முன்பே வாய் திறந்திருந்தார்கள். பதக்கம் வந்துகொண்டிருந்ததால் பெரியவர்கள் காது கொடுக்கவில்லை.

மகிழ்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுதான் முதலில் காணாமல் போகிறது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் வரும்போது ஒரு கூட்டம் மைதானத்தை விடுகிறது, சாதாரண தரம் வரும்போது மிச்சம். பின்னேரம் முழுக்க ரியூசன். நிற்கிற கொஞ்சப் பேர் "வெல்லக்கூடியவர்கள்" மட்டும். மெல்ல ஓடுகிற பிள்ளைக்கு எங்கட மைதானத்தில் கை தட்டுகிற வேலைதான். மறுபக்கம், வெல்லக்கூடிய பிள்ளையைப் பத்து வயதிலேயே ஒரே விளையாட்டில் கட்டிப்போடுகிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் பதினைந்து, பதினாறு வயது வரைக்கும் பல விளையாட்டுகளை ஆடவிடச் சொல்கிறது, கிழமையில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வும் கொடுக்கச் சொல்கிறது.

தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து அங்குல உயரம். இங்கே பாடசாலையில் படித்த காலத்தில் அந்த உயரம் அவருக்குக் கேலியாகத்தான் திரும்பி வந்தது. வலைப்பந்தாட்டத்தில் அதே உயரத்தோடு 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் ஆடினார், அவுஸ்திரேலியக் கழகங்கள் கூப்பிட்டு விளையாட வைத்தன. கேலிக்குப் பயந்து மைதானப் பக்கமே வராமல் போன மற்றப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

சரி, வாற தையில் என்ன செய்யலாம்? எங்களில் பலர் இப்போது பழைய மாணவர் சங்கங்களில் இருக்கிறோம், சிலருக்குப் பிள்ளைகள் பாடசாலை போகிற வயது. கோப்பைக்கும் ரீசேட்டுக்கும் காசு கேட்டு அழைப்பு வரும்போது, குடுப்பதற்கு முதல் சில கேள்விகளைக் கேட்போம். உயரம் பாய்கிற இடத்தில் மெத்தை இருக்கிறதா? முதலுதவி தெரிந்த ஆள் யார், எங்கே நிற்பார்? மரதன் விடிய எத்தனை மணிக்குத் தொடங்கும், கடைசியாக ஓடிவருகிற பிள்ளைக்குப் பின்னால் எந்த வாகனம் வரும்?