மெண்டோசா: ஒரு குளிர்மலையின் பெயர் வரலாறு

மெண்டோசா என்னும் குடும்பப் பெயர் ஸ்பெயினிலும் தென் அமெரிக்க நாடுகளிலும் நம் அண்டை நாடான பிலிப்பைன்ஸிலும் பரவலாக வழங்குகிறது. ஆயினும் ஸ்பானிய மொழியைக் கொண்டு இதன் பொருளை விளக்க இயலாது. இது பாஸ்க் மொழிச் சொல்.

ஸ்பானியமும் பிரெஞ்சும் இலத்தீனின் வழிவந்தவை. பாஸ்க் மொழியோ, இலத்தீன் வந்து பரவுவதற்கு முன்பே அந்நிலத்தில் வழங்கிய தொன்மொழியின் தொடர்ச்சி. அம்மொழியில் 'மெந்தி' என்பது மலை. 'ஒட்ஸ்' என்பது குளிர். ஈற்றில் வரும் 'அ' பெயரைச் சுட்டி வரையறுக்கும் விகுதி. மூன்றும் சேர்ந்து 'குளிர்மலை' எனப் பொருள்படும் என்பதே அறிஞர் பலரும் ஏற்ற விளக்கம். இகர ஈற்றின்முன் உயிர் வந்தால் தமிழில் யகர உடம்படுமெய் தோன்றும்; இங்கோ இகரமே கெட்டது. நாம் அடையை முன்னே வைத்துக் 'குளிர்மலை' என்போம். பாஸ்க் மக்கள் அடையைப் பின்னே வைப்பர். புனித சவேரியாரின் பெயருக்கு மூலமான 'எச்செ பெர்ரி' என்பதும் இவ்வமைப்பே: எச்செ, வீடு, பெர்ரி, புதிது. 1545இல் மலாக்காவில் கால்வைத்த அவரது பெயரிலும் ஒரு பாஸ்க் புதுவீடு மறைந்திருக்கிறது.

ஆலவா மாநிலத்தில் விட்டோரியா நகருக்கு அருகே மெண்டோசா என்னும் சிற்றூர் உண்டு. மலையின் இயல்பு ஊர்ப்பெயராயிற்று. ஊர்ப்பெயர் அவ்வூர்க் குடியின் பெயராயிற்று. அக்குடியினர் காஸ்டில் அரசில் செல்வாக்குப் பெற்றனர். 1535இல் மெக்சிகோவை உள்ளடக்கிய புதிய ஸ்பெயினின் முதல் அரசப் பிரதிநிதியாகப் பொறுப்பேற்ற அந்தோனியோ தெ மெண்டோசா இம்மரபினரே.

1561இல் ஆண்டிஸ் மலையடிவாரத்தில் ஒரு நகரம் நிறுவப்பட்டு மெண்டோசா எனப் பெயரிடப்பட்டது. இன்று அப்பெயரே தாங்கும் அர்ஜென்டினா மாநிலத்தில் 6,961 மீட்டர் உயரமுள்ள அக்கொன்காகுவா சிகரம் பனிமூடி நிற்கிறது. குளிர்மலை என்னும் பொருள் அங்கு எத்துணைப் பொருத்தம்! ஆனால், அந்நகரம் மலையால் பெயர் பெறவில்லை. அப்போது சிலியின் ஆளுநராயிருந்த கார்சியா உர்தாதோ தெ மெண்டோசாவின் பெயரைப் பெற்றது. சொல்லின் பொருள் வேறு. பெயரிட்டதன் காரணம் வேறு. பெயராய்வில் இவ்விரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.

பிலிப்பைன்ஸில் 1849இல் ஆளுநர் கிளாவெரியா, அகரவரிசைப் பட்டியலொன்றிலிருந்து மக்களுக்குக் குடும்பப் பெயர்களை வழங்க ஆணையிட்டார். ஆதலால், அங்கு ஸ்பானியப் பெயரைக் கண்ட அளவில் ஸ்பானிய வமிசம் என முடிவுகட்டுதல் தவறாகும்.

இவ்வெச்சரிக்கை தமிழராகிய நமக்கும் உரியது. பாஸ்க் மொழி, தமிழைப் போல ஒட்டுநிலை மொழி. அதனைக் கொண்டு அதற்கும் திராவிட மொழிகளுக்கும் பிறப்புறவு கற்பித்தோர் உண்டு. ஒட்டுநிலை துருக்கியிலும் ஜப்பானியத்திலும் உண்டு. அமைப்பொற்றுமை உறவுக்குச் சான்றாகாது. ஒழுங்கான ஒலிமாற்றங்களே சான்றாகும். அத்தகைய சான்று பாஸ்க்கை வேறெந்த மொழியோடும் இணைக்க இதுவரை கிட்டவில்லை.

பாஸ்க் மொழியின் அண்மை வரலாறும் நாம் கருதத்தக்கது. 1938இல் பிராங்கோவின் ஆட்சி, பிள்ளைகளுக்குப் பாஸ்க் பெயரிடுவதைத் தடுத்தது. ஆயினும் தலைமுறை தலைமுறையாக வந்த குடும்பப் பெயர்களில் அம்மொழியின் சொற்கள் நிலைத்திருந்தன. அவ்வாட்சியில் சிறையிருந்த கொல்தோ மிட்சலெனா என்னும் மொழியியலறிஞர், 1953இல் பாஸ்க் குடும்பப் பெயர்கள் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். 1968இல் பொதுப் பாஸ்க் நடையை வகுக்கும் பணியிலும் அவரே முன்னின்றார்.

நம் ஊர்ப்பெயர்களையும் குடிப்பெயர்களையும் தொகுக்க முற்படுவோர் அவரிடம் கற்கவேண்டியது ஒரு முறைமை: பழைய ஆவண வடிவங்களைத் தேடுதல், ஒலிமாற்றத்தைச் சோதித்தல், அதன் பின்னரே பொருள் கூறுதல். பெயரை வழங்குவோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோமாக.