சத்தம் போடாத கூலர் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

"சேர், மகன் கேம் விளையாடுற கம்பியூட்டர் ஒன்று பூட்டப் போறான். புரொசசர் விலையில பாதிக்கு கூலர் கேக்குறான். தண்ணி ஓடுற கூலர் இல்லாட்டி எரிஞ்சி போகுமாம். உண்மையா?" இந்த வருடம் இப்படிக் கேட்ட வாப்பாமார் சிலர். இன்னொரு வீட்டில் பிரச்சினை வேறு. மகன் இரவில் விளையாடும்போது கணினி போடும் இரைச்சலில், தஹஜ்ஜுத்துக்கு எழும்ப வேண்டிய உம்மும்மாவுக்குத் தூக்கமே இல்லை.

வரலாறு படிப்பிக்கிறவனிடம் கூலரைப் பற்றிக் கேட்டால் வரலாறுதான் பதிலாக வரும். ஆனாலும் இந்த விஷயத்தில் அதுவே சரியான பதில் என்று நினைக்கிறேன். விலை குறைவான, சத்தமில்லாத கூலர் என்பது நேற்று வந்த அதிசயம் இல்லை. நாற்பது வருடம் ஆளுக்கு ஆள் சூடு பட்டுப் படித்த பாடம் அது. அந்தப் பாடம் தெரிந்தால் கடையில் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது.

கணினி பிறந்த நாளிலிருந்தே சூடும் கூடப் பிறந்தது. 1946இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அறிமுகமான எனியாக்கில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அது குடித்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோவொட். இவ்வளவும் கடைசியில் சூடாகத்தான் மாறும், வேறு வழியே இல்லை. அதனால் அந்த இயந்திரத்துக்கென்று தனியாகக் காற்று ஊதும் ஏற்பாடும் செய்ய வேண்டி வந்தது.

பிறகு சிலிக்கன் சிப் வந்ததும் கொஞ்ச காலம் நிம்மதி. 1981இல் ஐ.பி.எம். வெளியிட்ட பீ.சி.யைத் திறந்து பார்த்தால், 4.77 மெகாஹேர்ட்ஸில் ஓடிய 8088 புரொசசர் தலையில் ஒன்றுமில்லாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். ஃபேன் இருந்தது பவர் சப்ளைக்குள் மட்டும்தான்.

அந்தக் காலத்திலேயே ஒருவருக்கு அந்த ஒரு ஃபேன் சத்தம்கூடப் பிடிக்கவில்லை. அவர் ஸ்டீவ் ஜொப்ஸ். 1980இல் அப்பிள் கம்பனி வெளியிட்ட அப்பிள் III கணினிக்குள் ஃபேன் வைக்கவே கூடாது என்றாராம். அடியில் இருந்த கனமான அலுமினிய வார்ப்பே சூட்டைக் கடத்திவிடும் என்று நம்பினார்கள். நடந்தது வேறு. சூடேறிச் சூடேறிச் சிப்புகள் அவற்றின் குழிகளிலிருந்து மெல்ல மேலெழும்பிக் கழன்றன. கணினியைச் சில அங்குலம் தூக்கி மேசையில் 'டொக்'கென்று போடுங்கள், சிப்புகள் திரும்ப இறுகிவிடும் என்று வாடிக்கையாளருக்குச் சொன்னார்களாம். கணினி உலகில் இன்றும் சிரித்துச் சொல்லும் கதை இது. சத்தம் வேண்டாம் என்ற ஜொப்ஸின் ஆசையில் பிழை இல்லை. ஃபேனை எடுத்த பிறகு சூடு எந்த வழியால் வெளியே போகும் என்பதற்குத்தான் சரியான விடை இருக்கவில்லை.

1993இல் பென்டியம் வந்தது. 66 மெகாஹேர்ட்ஸ் பென்டியம் 16 வொட் அளவு சூடு தந்தது. இன்றைய எல்.ஈ.டி. பல்ப் ஒன்றின் அளவுதானே என்று தோன்றும். ஆனால் அந்தச் சூடு முழுவதும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சிலிக்கன் துண்டு ஒன்றிலிருந்து வருகிறது. எனவே அலுமினியத் தகடும், அதன் மேல் சின்ன ஃபேனும் கட்டாயமாகின. ஃபேன் புரொசசரின் தலைக்கு ஏறியது அந்த நாட்களில்தான்.

உண்மையான கூத்து 2000இல் தொடங்கியது. அந்த மார்ச் மாதம் ஏ.எம்.டி. 1 கிகாஹேர்ட்ஸைத் தொட்டது, இரண்டே நாளில் இன்டெல்லும் தொட்டது. யார் கூடிய வேகம் என்ற போட்டியில் சூட்டை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அத்லொன் புரொசசர்களைக் குளிராக்க 60 மில்லிமீற்றர் ஃபேன்களை நிமிடத்துக்கு 7,000 சுற்றுவரை சுழற்றினார்கள். அந்தக் கீச்சுச் சத்தம் பக்கத்து அறைக்கும் கேட்கும். 2001இல் டொம்ஸ் ஹார்ட்வெயார் தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் கூலரைக் கழற்றினார்கள். பென்டியம் 4 தன் வேகத்தைத் தானே குறைத்துத் தப்பிக்கொண்டது. அத்லொன் புகைந்து செத்தது. "கூலர் இல்லாட்டி எரிஞ்சி போகும்" என்ற பயம் நம் ஊர்க் கடைவரை வந்ததில் இந்த மாதிரிச் சம்பவங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்று விற்கும் எந்தப் புரொசசரும் அப்படி எரிவதில்லை. சூடு எல்லை தாண்டினால் வேகத்தைக் குறைக்கும், அதையும் தாண்டினால் அணைந்துவிடும்.

அந்த வேகப் போட்டி ஏன் நின்றது? ஐ.பி.எம்.மில் வேலை செய்த ரொபர்ட் டெனார்ட் 1974இல் ஒரு விதியைக் காட்டியிருந்தார். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினால் அதற்குத் தேவையான மின்னழுத்தமும் அதே அளவில் குறையும், எனவே அதே இடத்தில் கூடுதல் டிரான்சிஸ்டர்களை அடுக்கினாலும் சூடு கூடாது என்பது சாரம். முப்பது வருடம் தொழில் முழுவதும் அந்த விதியை நம்பி ஓடியது. 2004 அளவில் அது கைவிட்டது. சிப்புக்குள் பாதைகள் அவ்வளவு சிறுத்ததால் மின்சாரம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் கசியத் தொடங்கியது. அந்த வருடம் வந்த 'ப்ரெஸ்கொட்' பென்டியம் 4, 115 வொட்வரை சூடு தந்தது. 10 கிகாஹேர்ட்ஸ்வரை போகலாம் என்று பேசிய இன்டெல் 3.8இல் நின்றுவிட்டது. அடுத்து வரவிருந்த 'தேஜாஸ்' புரொசசரை 2004 மே மாதத்திலேயே கைவிட்டார்கள். 2006 ஜூலையில் வந்த கோர் 2 டுவோ கடிகார வேகத்தைக் குறைத்து, இரண்டு கோர்களை வைத்து, 65 வொட் கணக்கில் பழையதைவிட நன்றாக வேலை செய்தது. பெரிய கம்பனி ஒன்று சூட்டிடம் தோற்று வழி மாறியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

புரொசசர் பக்கம் இப்படியென்றால், கூலர் பக்கம் இரண்டு மாற்றங்கள் நடந்தன. முதலாவது ஹீட் பைப். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த பகுதி இதுதான்.

செப்புக் குழாய் ஒன்றை எடுத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, மிகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். காற்று இல்லாததால் தண்ணீர் கொதிக்க 100 பாகை தேவையில்லை, அதைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடிப் போய், அங்கே சூட்டை விட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீராகும். குழாயின் உட்சுவரில் இருக்கும் திரி போன்ற படலம் அந்தத் தண்ணீரைச் சூடான முனைக்கு இழுத்து வரும். பிரியாணிச் சட்டியின் மூடியைத் தூக்கினால் அடிப்பக்கம் தண்ணீர் முத்துமுத்தாக நிற்கிறதே, அதே வேலைதான். சட்டியின் அடியிலிருந்த சூட்டை ஆவி மூடிவரை தூக்கி வந்திருக்கிறது. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை, மின்சாரச் செலவும் இல்லை.

ஜெனரல் மோட்டர்ஸில் வேலை செய்த ரிச்சர்ட் கௌக்லர் 1940களில் இதற்குக் காப்புரிமை எடுத்தார், யாரும் கவனிக்கவில்லை. 1963இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் அதைத் தானாகவே திரும்பக் கண்டுபிடித்தார், பெயரும் வைத்தார். 1960களின் பிற்பகுதியில் அது செயற்கைக்கோள்களில் ஏறியது. பிறகு லெப்டொப்புகளுக்குள் இறங்கியது. லெப்டொப்புக்காகக் கோடிக்கணக்கில் செய்யத் தொடங்கியதும் விலை விழுந்தது. பழைய காப்புரிமைகளும் எப்போதோ காலாவதியாகிவிட்டன. விண்வெளிக்குப் போன பொருளை இன்று நம் பிள்ளைகள் மேசைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள், அதுவும் ஒரு கூலரில் நான்கு, ஆறு என்று.

இரண்டாவது மாற்றம் ஃபேனின் அளவு. பள்ளிவாசலின் சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றி ஒரு வரிசைக்கே காற்றுத் தரும், குத்பா தெளிவாகக் கேட்கும். அதே காற்றைச் சின்ன மேசை ஃபேனிடம் கேட்டால் அது அலற வேண்டும். 120 மில்லிமீற்றர் ஃபேன் சுற்றும் பரப்பு 60 மில்லிமீற்றர் ஃபேனைப் போல் நான்கு மடங்கு. எனவே மெதுவாகச் சுற்றினாலே போதும். ஒரே ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் சத்தம் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தெரியும். சத்தம் குறைவது இந்தக் கணக்கால்தான், விலைச் சீட்டால் அல்ல.

1999இல் தென்கொரியாவில் தொடங்கிய சல்மன் கம்பனி தன் கூலர்களுக்கு வைத்த பெயரின் பொருளே 'கணினிச் சத்தத் தடுப்பு முறை'. 2001இல் தாய்வானில் தேர்மல்ரைட், 2005இல் ஒஸ்திரியாவில் நொக்டுவா. ஹீட் பைப்பையும் 120 மில்லிமீற்றர் ஃபேனையும் ஒன்று சேர்த்து நிமிர்ந்து நிற்கும் 'டவர்' கூலர் அந்த வருடங்களில்தான் உருவானது. 2004இல் இன்டெல் கொண்டுவந்த நான்கு பின் ஃபேன் இணைப்பும் இதில் சேர்ந்தது. சூட்டைப் பார்த்து ஃபேனின் வேகத்தைத் தாய்ப்பலகையே கூட்டிக் குறைக்க அது வழி செய்தது.

அப்போது நல்ல கூலர் விலை கூடியதாகத்தான் இருந்தது. அதை உடைத்தது கூலர் மாஸ்டரின் ஹைப்பர் 212 வரிசை. 2009இல் வந்த 212 பிளஸ் நான்கு ஹீட் பைப், ஒரு 120 மில்லிமீற்றர் ஃபேனுடன் சுமார் 30 டொலருக்கு விற்றது. பல வருடம் "எதை வாங்கலாம்" என்ற கேள்விக்கு உலகம் முழுவதும் அதுவே பதில். 2022இல் தேர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்.ஈ. வந்தது. இரட்டை டவர், ஆறு ஹீட் பைப், இரண்டு ஃபேன், விலை 40 டொலருக்கும் கீழே. சுமார் 100 டொலர் விற்ற நொக்டுவா என்.எச்.-டீ15இலிருந்து சில பாகை மட்டுமே அது பின்தங்கியது.

நமக்கு அந்த வருடம் வேறு விதமாக ஞாபகம் இருக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனது. 35 டொலர் கூலர் ஒன்று கப்பல் கூலி, வரி எதுவும் சேர்க்காமலே 7,000 ரூபாவிலிருந்து 12,600க்குத் தாவியது. எனவே "கொஞ்சம் கூடப் போட்டுப் பெரிசா வாங்குவோம்" என்ற பேச்சு நம் வீடுகளில் சின்னப் பேச்சு இல்லை. அது ஒரு மாதத்து டியூஷன் காசு.

தண்ணீர் கூலருக்கு வருவோம். பெரிய ஐ.பி.எம். கணினிகளில் 1960களிலேயே தண்ணீர் ஓடியது. டென்மார்க்கின் அசெடெக் கம்பனி செய்த மூடிய அமைப்பை கோர்செயார் 2009இல் எச்50 என்று விற்ற பிறகுதான் அது வீட்டுக்கு வந்தது. தண்ணீர் சூட்டை விழுங்குவதில்லை, ரேடியேட்டருக்குத் தூக்கிச் செல்கிறது. அங்கே அதை வெளியேற்றுவது பழைய ஃபேன்கள்தான். மேலதிகமாக ஒரு பம்ப்பின் ரீங்காரமும் உண்டு. பம்ப் செத்தால் முழுதையும் மாற்ற வேண்டும். டவர் கூலரில் ஃபேன் செத்தால் ஃபேனை மட்டும் மாற்றலாம். 250 வொட் விழுங்கும் உச்சப் புரொசசருக்குத் தண்ணீர் கூலர் நியாயம். நம் பிள்ளைகள் வாங்கும் ஐ5, ரைசன் 5 வகைக்கு அது வெளிச்சம் பார்க்கத்தான்.

ஒரு கவனம். பெட்டியில் 65 வொட் என்று போட்டிருப்பதை அப்படியே எடுக்க வேண்டாம். இன்டெல் ஐ5-12400 அடிப்படையில் 65 வொட், முழு வேகத்தில் 117 வொட்வரை போகும். இன்னொன்று, எந்தக் காற்றுக் கூலரும் அறையின் சூட்டுக்குக் கீழே இறக்காது. யூடியூப்பில் பரிசோதிப்பவரின் அறை 21 பாகை, நம் அறை 31 என்றால் அவர் காட்டும் எண்ணில் பத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படிக் கூட்டினாலும் நான்கு ஹீட் பைப் உள்ள ஒரு டவர் இந்த வகைப் புரொசசர்களுக்குத் தாராளம்.

ரைசனோடு பெட்டிக்குள்ளேயே கூலர் வந்தால் முதலில் அதைப் போட்டு விளையாடிப் பாருங்கள். சத்தம் தொந்தரவாக இருந்தால் மட்டும் டவருக்குப் போங்கள். பாவித்த கூலர் வாங்குகிறவர்கள் பூட்டும் பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். இன்டெல் 2021இல் சொக்கட்டின் துளை இடைவெளியை மாற்றியது, பழைய கிளிப் நேராகப் பொருந்தாது. ஏ.எம்.டி.யில் ஏ.எம்.4க்குப் பொருந்தியவற்றில் பெரும்பாலானவை ஏ.எம்.5க்கும் பொருந்தும். கேசிங்கின் அகலத்தையும் அளந்து பாருங்கள். டவர்கள் 155, 160 மில்லிமீற்றர் உயரம், மலிவான கேசிங் சிலவற்றில் பக்கக் கதவு மூடாது.

பூட்டும்போது கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டுத் தேர்மல் பேஸ்ட் பூசச் சொல்லுங்கள். அதை உரிக்காமலே பூட்டிவிட்டு "கூலர் சரியில்லை" என்று கடைக்குத் திரும்பக் கொண்டு போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கீழே எழுதுங்கள், இஷாவுக்குப் பிறகு பதில் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ். புரொசசரின் மொடல், கேசிங்கின் மொடல் இரண்டையும் சேர்த்து எழுதினால் நல்லம்.