உரிமையாக மாறிய உதவி: அட்லி அரசும் பிரிட்டனின் மக்கள்நல அரசும் (1945–1951)

1948 ஜூலை 5, திங்கட்கிழமை. அன்று ஒரே நாளில் பிரிட்டனில் நான்கு சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. தேசியக் காப்பீடு, தொழிற்காயக் காப்பீடு, தேசிய உதவி, தேசிய மருத்துவச் சேவை என்பன அவை. மருத்துவச் சேவையை உலகமே அறியும். தேசிய உதவிச் சட்டத்தை இன்று நினைப்பவர் குறைவு. ஆனால் வரலாற்று நோக்கில் அந்தச் சட்டத்தின் முதல் பிரிவு மிக முக்கியமானது. முதலாம் எலிசபெத் அரசியின் காலந்தொட்டு ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகள் நீடித்த ஏழையர் சட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது அந்தப் பிரிவுதான்.

இந்த மாற்றம் எப்படி நேர்ந்தது என்பதில் ஆய்வாளரிடையே நெடிய விவாதம் உண்டு. குண்டுவீச்சும் பங்கீடும் எல்லா வர்க்கத்தாரையும் ஒரே துன்பத்தில் நிறுத்தியதால் அரசின் பொறுப்புணர்வு விரிந்தது என்று ரிச்சர்ட் டிட்மஸ் 1950இல் எழுதினார். போர்க்காலக் கூட்டணி அரசுக்குள்ளேயே கட்சிகளிடையே உடன்பாடு உருவாகிவிட்டது, 1945இல் ஆட்சிக்கு வந்தவர்கள் அதைச் சட்டமாக்கினார்கள் என்று 1975இல் வெளிவந்த தம் நூலில் பால் ஆடிசன் வாதிட்டார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் இரண்டும் பிரதமர் அட்லியின் தொழிற்கட்சி அரசின் பங்கைக் குறைத்தே மதிப்பிடுகின்றன. போர் ஒரு வாய்ப்பைத் தந்தது. சமூகக் காப்பீடு பற்றிய 1942இன் பீவரிட்ஜ் அறிக்கை ஒரு வரைபடத்தைத் தந்தது. உதவி பெறுவதற்கு ஒருவர் தம் ஏழ்மையை நிரூபிக்க வேண்டியதில்லை என்ற முடிவோ அரசியல் முடிவு. கஜானா காலியாக இருந்த ஆண்டுகளில், எதிர்ப்பை மீறி எடுக்கப்பட்ட முடிவு அது.

வருமானச் சோதனையின் வடு

1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத் திருத்தம் ஒரு கொடிய தர்க்கத்தின் மேல் நின்றது. உதவி பெறுபவரின் நிலை, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவரின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உதவி கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்பது அந்தத் தர்க்கம். ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழையர் இல்லங்களில் கணவனையும் மனைவியையும் பிரித்து வைத்தனர். பிள்ளைகளைத் தனியே வைத்தனர். 1908இல் லிபரல் அரசு 70 வயது கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் வழங்கியதும், 1911இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் தொழிலாளருக்கான காப்பீட்டைக் கொண்டுவந்ததும் முதல் உடைப்புகள். ஆனால் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் மருத்துவ உதவி சந்தா கட்டிய தொழிலாளிக்கு மட்டுமே கிடைத்தது. அவர் மனைவிக்கும் குழந்தைக்கும் நோய் வந்தால் மருத்துவருக்குக் கையிலிருந்துதான் காசு கொடுக்க வேண்டும்.

பழைய தர்க்கம் 1931இல் புது வடிவெடுத்தது. பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையற்றோர் எண்ணிக்கை 30 லட்சத்தை நெருங்கியபோது, நீண்ட நாள் வேலையில்லாதோரின் உதவித்தொகையைக் குடும்ப வருமானச் சோதனைக்கு உட்படுத்தினர். மகன் சிறு வேலையில் சேர்ந்தால் தகப்பனின் தொகை குறைந்தது. அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து, விற்கத்தக்க சாமான்கள் உண்டா என்று பார்த்தனர். 1936 அக்டோபரில் ஜாரோ நகரிலிருந்து ஏறத்தாழ 200 பேர் வேலை கேட்டு லண்டனுக்கு நடந்தார்கள். அவர்களுடைய நாடாளுமன்ற உறுப்பினர் எல்லன் வில்கின்சன் பின்னர் அட்லியின் கல்வி அமைச்சரானார். அட்லி வழக்கறிஞர் குடும்பத்துப் பிள்ளை; ஆனால் கிழக்கு லண்டனின் சேரிப்பகுதிகளில் சமூகப் பணி செய்து, 1919இல் ஸ்டெப்னியின் மேயரானவர். காப்பீட்டு அமைச்சர் ஜேம்ஸ் கிரிஃபித்ஸும், சுகாதார அமைச்சர் அன்யூரின் பெவனும் சிறுவயதிலேயே வேல்ஸின் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கியவர்கள். பெவன் தம் ஊரான டிரெடீகரில் வேலையின்றி இருந்த காலமும் உண்டு. வருமானச் சோதனை இவர்களுக்குப் புள்ளிவிவரம் அல்ல, அண்டை வீட்டுச் செய்தி. இவர்கள் எடுத்த முடிவுகளை இந்த அனுபவத்திலிருந்து பிரித்துப் படிக்க இயலாது.

பீவரிட்ஜின் வரைபடமும் அதன் எல்லைகளும்

வில்லியம் பீவரிட்ஜ் 1879இல் வங்கத்தின் ரங்பூரில் பிறந்தவர். 1941இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, சிதறிக் கிடந்த காப்பீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்துவதற்கான சாதாரண நிர்வாகப் பணி. அவர் அதை ஒரு சமூகத் திட்டமாக விரித்தார். 1942 டிசம்பரில் வெளியான அறிக்கை வறுமை, நோய், அறியாமை, அழுக்குச் சூழல், வேலையின்மை ஆகியவற்றை ஐந்து பூதங்களாக உருவகித்தது. அரசாங்க அறிக்கை ஒன்றை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். சுருக்கப் பதிப்பையும் சேர்த்து 6 லட்சத்துக்கு மேல் விற்றது. செலவைக் காட்டி நிதியமைச்சர் கிங்ஸ்லி உட் தயங்கினார். போர்க்காலப் பிரதமர் சர்ச்சில் ஒத்திப்போட விரும்பினார். 1943 பிப்ரவரியில் அறிக்கை பற்றிய நாடாளுமன்ற விவாதத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அரசுக்கு எதிராக வாக்களித்தனர். 1945 ஜூலைத் தேர்தலில் தொழிற்கட்சி 393 இடங்களைப் பிடித்ததற்கு இந்தத் தயக்கத்தின் நினைவும் ஒரு காரணம்.

பீவரிட்ஜ் புரட்சிக்காரர் அல்லர். எல்லாரும் ஒரே அளவு சந்தா செலுத்துவது, எல்லாரும் ஒரே அளவு தொகை பெறுவது என்பதே அவருடைய அடிப்படை. குறைந்த கூலிக்காரருக்கு அந்தச் சந்தா கூடுதல் சுமை. மணமான பெண்ணைக் கணவனைச் சார்ந்தவராகவே அவர் கண்டார். இந்தப் பார்வை 1946ஆம் ஆண்டுத் தேசியக் காப்பீட்டுச் சட்டத்திலும் தங்கிவிட்டது. சட்டத்தை இயற்றியபோது கிரிஃபித்ஸ் சில இடங்களில் பீவரிட்ஜைத் தாண்டினார், சில இடங்களில் பின்வாங்கினார். ஓய்வூதியத்தை 20 ஆண்டுகளில் படிப்படியாக உயர்த்தச் சொன்னது அறிக்கை. 1946 அக்டோபரிலேயே உயர்த்திக் கொடுத்தது அரசு. வேலையின்மைத் தொகைக்குக் கால வரம்பு கூடாது என்றது அறிக்கை. அரசு வரம்பு விதித்தது. வேலையில் இருந்த ஆண் வாரம் 4 ஷில்லிங் 11 பென்னி செலுத்தினார். நோயிலும் வேலையிழப்பிலும் தனியாளுக்கு வாரம் 26 ஷில்லிங் கிடைத்தது.

குழந்தை உதவித்தொகையின் வரலாறு சற்று வேறு. அதன் பின்னால் நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போனின் கால் நூற்றாண்டுப் போராட்டம் இருந்தது. தொகையைத் தகப்பனிடம் கொடுக்க இருந்த மசோதாவை அவர் எதிர்த்து நின்று, தாயின் கையில் சேருமாறு மாற்றச் செய்தார். 1946 ஆகஸ்டில் இரண்டாம் குழந்தை முதல் வாரம் 5 ஷில்லிங் வழங்கத் தொடங்கினார்கள். அதைக் காண ராத்போன் இல்லை; அந்த ஜனவரியில் காலமாகிவிட்டார்.

மருத்துவமனைகள்: உடன்பாடு முறிந்த இடம்

போர்க்கால உடன்பாடு என்ற வாதம் வலுவிழப்பது மருத்துவத் துறையில்தான். 1944இன் வெள்ளை அறிக்கையும் விரிவான மருத்துவச் சேவையைப் பேசியது. ஆனால் அறக்கொடை மருத்துவமனைகளையும் நகராட்சி மருத்துவமனைகளையும் அவரவர் நிர்வாகத்திலேயே விட்டுவைத்தது. பெவன் அந்த ஏற்பாட்டைத் தூக்கி எறிந்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த 2,688 மருத்துவமனைகளை அரசுடைமையாக்க முன்மொழிந்தார். எதிர்ப்பு முதலில் சொந்த அமைச்சரவையிலிருந்தே வந்தது. லண்டன் மாவட்ட மன்றத்தின் தலைவராக இருந்து மருத்துவமனைகளை வளர்த்த ஹெர்பர்ட் மாரிசன், உள்ளாட்சியிடமிருந்து அவற்றைப் பறிக்கக்கூடாது என்று வாதாடினார். பணக்கார நகரத்துக்கு நல்ல மருத்துவமனை, ஏழை நகரத்துக்கு மட்டமான மருத்துவமனை என்ற ஏற்றத்தாழ்வை உள்ளாட்சி வரியால் ஒருபோதும் நீக்க முடியாது என்பது பெவனின் வாதம். அட்லி பெவன் பக்கம் நின்றார். என் மதிப்பீட்டில், அந்த ஆட்சியில் நடந்த உள்விவாதங்களில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கியது இதுவே. மருத்துவச் சேவை மசோதாவின் இரண்டாம், மூன்றாம் வாசிப்புகளில் கன்சர்வேட்டிவ் கட்சி எதிர்த்து வாக்களித்தது.

அடுத்த தடை மருத்துவர்கள். அன்று பொது மருத்துவர் தம் தொழிலிடத்தை நோயாளிகளோடு சேர்த்து விலைக்கு விற்கலாம். இளம் மருத்துவர் கடன் வாங்கி அதை வாங்குவார். அந்த விற்பனையைப் பெவன் தடைசெய்து, 6 கோடியே 60 லட்சம் பவுண்டு இழப்பீடு ஒதுக்கினார். தங்களைச் சம்பள ஊழியர்களாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் மருத்துவர்களைப் பிடித்தது. 1948 பிப்ரவரியில் பிரிட்டிஷ் மருத்துவர் சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் 40,814 பேர் எதிர்த்தனர். ஆதரித்தவர் 4,735 பேர் மட்டுமே. பெவன் எதிரணியைப் பிரித்தார். உயர்நிலை நிபுணர்களுக்கு மருத்துவமனையில் சம்பளத்தோடு தனியார் சிகிச்சைக்கும் இடமளித்தார். ராயல் மருத்துவர் கல்லூரியின் தலைவர் மோரன் பிரபு இதில் துணைநின்றார். சம்பள முறையைத் திணிக்கமாட்டோம் என்று சட்டத்திலேயே எழுதுவதாகப் பொது மருத்துவர்களுக்குப் பெவன் வாக்களித்தார். எதிர்ப்பு கரைந்தது. அந்த விட்டுக்கொடுப்பின் விளைவு இன்றும் தொடர்கிறது: அரசு மருத்துவமனைக்குள்ளேயே காசு கொடுப்போருக்கான படுக்கைகள் இருக்கின்றன. ஆயினும் அந்த விலையைக் கொடுத்திராவிட்டால் ஜூலை 5இல் சேவை தொடங்கியிருக்காது.

தொடங்கிய பின் வெள்ளமாகத் திரண்டது கூட்டம். ஓராண்டுக்குள் 50 லட்சத்துக்கு மேற்பட்ட மூக்குக்கண்ணாடிகள் வழங்கப்பட்டன. பல் மருத்துவம் பெற்றவர்கள் 80 லட்சத்துக்கும் மேல். இலவசம் என்றால் மக்கள் வீணடிப்பார்கள் என்று ஏட்டில் எழுதியவர்கள் உண்டு. மங்கிய கண்ணோடும் சீழ்பிடித்த பல்லோடும் பெண்களும் முதியவர்களும் அதுவரை எத்தனை ஆண்டுகள் காலந்தள்ளினார்கள் என்பதற்கே அந்த எண்கள் சாட்சி.

வீட்டுவசதியும் பெவனின் பொறுப்பில் இருந்தது. மரத்துக்கும் டாலருக்கும் தட்டுப்பாடு இருந்ததால் வேகம் குறைந்தது. 1946 கோடையில் வீடற்றோர் காலியான இராணுவ முகாம்களில் குடியேறினர். எனினும் உள்ளாட்சி வீடுகளின் அளவையும் தரத்தையும் குறைக்க அவர் உடன்படவில்லை.

யார் கொடுத்த பணம்?

இவ்வளவும் ஒரு கடனாளி நாட்டில் நடந்தது. 1945 ஆகஸ்டில் அமெரிக்கா தன் போர்க்கால உதவியைத் திடீரென நிறுத்தியது. பொருளாதார அறிஞர் கெய்ன்ஸ் வாஷிங்டன் சென்று 375 கோடி டாலர் கடன் பெற்றுவந்தார். அதன் கடைசித் தவணையை பிரிட்டன் 2006 டிசம்பரில்தான் கட்டியது. 1946 முதல் 1948 வரை ரொட்டிக்கும் பங்கீடு. 1947 குளிர்காலத்தில் நிலக்கரியின்றி ஆலைகள் நின்றன. 1949இல் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராக இறக்கினர். தொழில்துறையைப் புதுப்பிக்க வேண்டிய பணத்தை நலத்திட்டங்களில் கரைத்தார்கள் என்று வரலாற்றாளர் கொரெல்லி பார்னெட் குற்றஞ்சாட்டினார். ஜிம் டாம்லின்சன் போன்ற பொருளாதார வரலாற்றாளர்கள் அதை மறுத்திருக்கிறார்கள். அன்றைய வரவுசெலவில் பாதுகாப்புச் செலவும் ஏற்றுமதி முயற்சியும் பெற்ற முன்னுரிமையைச் சுட்டுகிறார்கள். மறுப்பே வலுவானது என்பது என் கருத்து. 1951 ஏப்ரலில் கொரியப் போருக்கான ஆயுதச் செலவுக்காக, நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம் விதித்தார். பெவன் பதவி விலகினார். நலத்திட்டம் ஆயுதத்தை விழுங்கவில்லை. ஆயுதமே நலத்திட்டத்தில் கைவைத்தது.

இன்னொரு கணக்கு பெரும்பாலான பிரிட்டிஷ் நூல்களில் ஓரத்தில் கிடக்கிறது. டாலர் பஞ்சத்தின் நடுவே, பவுண்டைச் சார்ந்த நாடுகளின் ஸ்டெர்லிங் வட்டாரத்துக்குக் காலனிகளிலிருந்து மிக அதிக டாலர் ஈட்டித்தந்தது மலாயா. அமெரிக்காவுக்குச் சென்ற ரப்பரும் வெள்ளீயமும் அந்த டாலராயின. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவியவர்களில் பெரும் பகுதியினர் தமிழர். ஜூலை 5க்கு மூன்று வாரமும் இல்லாத நிலையில், 1948 ஜூன் 18இல், மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது, தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன. தமிழ்த் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4இல் கோலாலம்பூரின் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். லண்டனில் உழைப்பாளியின் முதுமையைத் தேசியக் காப்பீடு தாங்கிய அதே ஆண்டுகளில், மலாயாத் தொழிலாளிக்குக் கட்டாயச் சேமநிதிச் சட்டம் கிடைக்க 1951 வரை காத்திருக்க நேர்ந்தது.

விளைவுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1945இல் ஆயிரம் பிறப்புக்கு 46ஆக இருந்த குழந்தை இறப்பு 1951இல் 30ஆகக் குறைந்தது. யார்க் நகரின் உழைக்கும் வர்க்கத்தாரில் 1936இல் 31.1 விழுக்காட்டினர் வறுமையில் இருந்ததாகவும், 1950இல் அது 2.77ஆகச் சுருங்கியதாகவும் சமூக ஆய்வாளர் சீபோம் ரவுன்ட்ரீ அறிவித்தார். பிற்கால மறு ஆய்வுகள் அந்தச் சரிவு மிகைப்படுத்தப்பட்டதைக் காட்டின. காப்பீட்டுத் தொகை வாடகைக்கும் வயிற்றுக்கும் போதாததால், வருமானச் சோதனையோடு கூடிய தேசிய உதவி பெறுவோர் 1951இல் 10 லட்சத்தைத் தாண்டினர். வெளியேற்றப்பட்ட சோதனை வேறு வாசலால் திரும்பியது; இதுவே அந்த அரசின் பெரிய குறை.

1951 அக்டோபரில் தொழிற்கட்சி ஆட்சியிழந்த பின்னும் அந்தக் கட்டுமானம் நிலைத்து நின்றது. மருத்துவச் சேவையின் வீண்செலவைக் கண்டறியும் எதிர்பார்ப்போடு கன்சர்வேட்டிவ் அரசு அமைத்த கில்லிபாட் குழு, தேசிய வருவாயில் அதன் பங்கு 1949–50க்கும் 1953–54க்கும் இடையே 3.75 விழுக்காட்டிலிருந்து 3.25ஆகக் குறைந்தே இருந்தது என்று 1956இல் அறிவித்தது. சேவையின் உள்நாட்டுக் கணக்கு இவ்வாறு தீர்க்கப்பட்டுவிட்டது. கடல் கடந்த கணக்கு இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் காலனி அலுவலகக் கோப்புகளையும் மலேசியத் தோட்டப் பதிவுகளையும் அருகருகே வைத்து அதை எழுதும் பணி, ஆங்கிலமும் தமிழும் அறிந்த ஆய்வாளர்களுக்காகக் காத்திருக்கிறது.